நைஃப் என்று எழுத கே எதற்கு? ‘சைலன்ட் லெட்டர்’ சொற்கள் பற்றிய கேள்வி பதில்கள்

ஆங்கிலம் படிக்க வருகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகளானாலும் ஓய்வு பெற்றவர்களானாலும், முதல் மாதத்திலேயே கேட்டுவிடும் கேள்வி இது: “சொல்லும்போது இல்லாத எழுத்து, எழுதும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது?” நியாயமான கேள்வி. “அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு” என்று சொல்லி மூடிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த எழுத்துகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் உண்டு. காரணம் தெரிந்துவிட்டால் சொல்லும் அதன் பொருளும் சேர்ந்தே மனதில் தங்கிவிடும். அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரு சிறு குறிப்பு. ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துகளைத் தமிழில் ‘பி’ என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. ஏ-வுக்கு அடுத்து வருவதை முதல் பி என்றும், ஓ-வுக்கு அடுத்து வருவதை இரண்டாம் பி என்றும் சொல்கிறேன்.

கே, என் இரண்டும் சேர்ந்து தொடங்கும் சொற்கள் எவை?

தினம் பயன்படுபவை இருபதுக்குள் அடங்கிவிடும். எல்லாவற்றிலும் முதலில் கே, அடுத்து என். எதிலும் கே ஒலிக்காது.

உடம்பிலிருந்து தொடங்கலாம். நீ என்றால் முழங்கால், நீல் என்றால் மண்டியிடுதல், நக்கிள் என்றால் விரல் முட்டி. கையால் செய்யும் வேலைகளில் நாக் என்பது கதவைத் தட்டுவது, நிட் என்பது நூலைப் பின்னுவது, நீட் என்பது சப்பாத்தி மாவு பிசைவது. நாட் என்றால் முடிச்சு. நாப் என்பது கதவிலோ ரேடியோவிலோ இருக்கும் குமிழ். நைஃப் என்றால் கத்தி. நேப்சாக் என்பது முதுகில் மாட்டும் பை. நேக் என்றால் ஒரு வேலையில் கைவந்த பக்குவம். நோல் என்பது சிறு குன்று. நெல் என்பது சாவு மணி. நைட் என்றால் குதிரை வீரர், நேவ் என்றால் போக்கிரி. எல்லாவற்றுக்கும் மேலே நோ, அதாவது அறிதல். அதிலிருந்து வந்தது நாலெட்ஜ், அறிவு.

திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு நிட் என்ற சொல்லை விளக்கவே வேண்டாம். ஊரே நிட்டிங் கம்பெனிகளால் நடக்கிறது. நிட் என்பதற்குப் பழைய பொருள் முடிச்சுப் போடுதல். நாட் என்ற சொல்லுக்கு அது உறவு. பின்னலாடையை உற்றுப் பார்த்தால் கண்ணி கண்ணியாகக் கோத்திருப்பது தெரியும். சொல்லும் அதையேதான் சொல்கிறது.

ஒலிக்காத கே-யை ஏன் எழுதினார்கள்?

எழுதிய காலத்தில் அது ஒலித்தது. இதுதான் முழு விடை.

ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆங்கிலத்தில் முழங்காலை ‘க்னேஓ’ என்பது போலச் சொன்னார்கள். கத்தி ‘க்னீஃப்’. அந்தச் சொல் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகளின் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போது கே-க்குப் பதில் சி எழுதினார்கள். 1066இல் பிரான்ஸிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள் அந்த சி-யைக் கே ஆக்கினார்கள். ஒலி மாறவில்லை. க், ன் இரண்டும் சேர்ந்தே ஒலித்தன.

1476இல் வில்லியம் காக்ஸ்டன் லண்டனுக்குப் பக்கத்தில் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் தொடங்கினார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் உறைந்துகொண்டே போனது. பேச்சோ நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. 17ஆம் நூற்றாண்டில் மக்கள் வாயிலிருந்து அந்த க் மெல்ல மறைந்தது. காகிதத்தில் நின்றுவிட்டது.

இன்றும் அந்த ஒலியைக் காதால் கேட்க ஆசையா? ஜெர்மன் பேசுபவரிடம் முழங்காலுக்கு என்ன சொல் என்று கேளுங்கள். ‘க்னீ’ என்பார், கே-யை அழுத்தமாகச் சொல்லி. ஸ்வீடன்காரரிடம் கத்தியைக் கேட்டால் ‘க்னீவ்’ என்பார். ஆங்கிலத்தின் உறவு மொழிகள் அவை. ஆங்கிலம் விட்டதை அவை விடவில்லை.

தமிழில் இப்படி ஒரு ஒலி மறைந்ததுண்டா?

உண்டு. அதுவும் இதே சொல்லின் உறவில்! இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் தாங்காது.

அறிதல் என்ற பொருளுள்ள நோ என்ற சொல்லுக்கு வேர் இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் மிகப் பழைய மூலத்தில் இருக்கிறது. கிரேக்கத்தில் அது ‘க்னோசிஸ்’ ஆனது. டாக்டர் சொல்லும் டயக்னோசிஸில் இருப்பது அதுதான். லத்தீன் வழியாக இக்னரன்ஸ், அறியாமை, வந்தது. வடமொழியில் அதே வேர் ‘ஜ்ஞான’ ஆனது. அது தமிழுக்கு வந்தபோது என்ன நடந்தது? தமிழில் ஒரு சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்காது. அதனால் ஜ்-ஐ விட்டுவிட்டு ‘ஞானம்’ என்றோம்.

ஆங்கிலேயர் க்-ஐ விட்டார்கள், நாம் ஜ்-ஐ விட்டோம். ஒரே வேரில் பிறந்த சொல், ஒரே இடத்தில் ஒலிக் குறைவு. வித்தியாசம் எழுதுவதில் மட்டும்தான். நாம் வாயில் வந்ததையே எழுதினோம். அவர்கள் பழைய எழுத்தைக் கைவிடவில்லை. அடுத்த முறை நாலெட்ஜ் என்று எழுதும்போது கே-யை மறந்தால், ஞானத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

முழங்காலுக்கும் இப்படி ஓர் உறவு உண்டு. யோகாசனம் செய்பவர்கள் ‘ஜானு சிரசாசனம்’ அறிவார்கள், தலையை முழங்காலில் தொடும் ஆசனம். அந்த ஜானுவும் ஆங்கில நீ-யும் ஒரே வேர்தான்.

இரவும் நைட், வீரனும் நைட். எப்படிப் பிரித்தறிவது?

வீரனுக்கு முன்னால் கே இருக்கும், இரவுக்கு இருக்காது. மற்ற எழுத்துகள் அப்படியே ஒன்று. இரண்டிலும் நடுவில் வரும் ஜி, எச் இரண்டும்கூட முன்பு ஒலித்தவை. தொண்டையை உரசி வரும் ‘ஹ்’ போன்ற ஒலி அது. வீரனைப் பழைய ஆங்கிலத்தில் ‘க்னிஹ்ட்’ என்றார்கள். எழுதியிருக்கிற அத்தனை மெய்யெழுத்தும் ஒலித்த சொல், இன்று பாதி ஊமையாக நிற்கிறது. லைட், ரைட் போன்ற சொற்களிலும் அந்த ஜி-எச்சுக்கு இதே கதைதான்.

இதன் பொருள் மாறிய விதம் இன்னும் சுவையானது. க்னிஹ்ட் என்றால் முதலில் வெறும் பையன். அப்புறம் பெரிய இடத்தில் வேலை செய்யும் பையன். அப்புறம் தலைவனுக்காகப் போருக்குப் போகும் ஆள். கடைசியில் அரசர் தரும் பட்டம். நேவ் என்ற சொல்லும் இதே இடத்தில்தான் தொடங்கியது, அதற்கும் பழைய பொருள் பையன். ஜெர்மனில் ‘க்னாப’ என்றால் இன்றும் பையன்தான். ஆங்கிலத்தில் அது வேலைக்காரன் என்று இறங்கி, போக்கிரி என்றே ஆகிவிட்டது. ஒன்று மேலே ஏறியது, ஒன்று கீழே விழுந்தது. நம்மிடம் பையன், பயல் இரண்டும் இருப்பது போல. ‘நல்ல பையன்’ என்று சொல்லும் வாயால் ‘திருட்டுப் பயல்’ என்கிறோமே.

சீட்டுக்கட்டில் ஜாக் என்று நாம் சொல்லும் சீட்டுக்கும் முன்பு நேவ் என்றுதான் பெயர். சீட்டின் மூலையில் சுருக்க எழுத்துப் போடும் வழக்கம் வந்தபோது, கிங்குக்குக் கே, நேவுக்குக் கே-என் என்று வந்து குழம்பியது. ஜாக் நிலைபெற்றதற்கு அது ஒரு காரணம்.

பிள்ளைகள் போடும் நிக்கர் கே-யில் தொடங்குகிறதா?

ஆமாம். நாம் சொல்லும் நிக்கர், ஆங்கில ‘நிக்கர்ஸ்’. அது ‘நிக்கர்பாக்கர்ஸ்’ என்பதன் சுருக்கம். அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் 1809இல் நியூயார்க்கின் வரலாற்றை வேடிக்கையாக எழுதி, அதை டீட்ரிக் நிக்கர்பாக்கர் என்ற கற்பனைப் பெயரில் வெளியிட்டார். டச்சுக் குடும்பப் பெயர் அது. நியூயார்க்கின் பழைய டச்சுக்காரர்களுக்கே பின்னால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. புத்தகத்துக்கு வரைந்த படங்களில் அவர்கள் முழங்காலோடு நிற்கும் தொளதொள கால்சட்டை போட்டிருந்தார்கள். கால்சட்டைக்கும் பெயர் வந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. இன்றைய பிரிட்டனில் நிக்கர்ஸ் என்றால் பெண்களின் உள்ளாடை. அங்கே போய் “என் பையன் நிக்கர் போட்டிருக்கிறான்” என்று சொல்ல வேண்டாம். ஷார்ட்ஸ் என்று சொல்லுங்கள்.

புயல் செய்தியில் வரும் ‘நாட்’ இந்த முடிச்சுதானா?

இதேதான். காற்று இத்தனை நாட் வேகத்தில் வீசும் என்கிறார்களே, அது கயிற்று முடிச்சு. பாய்மரக் கப்பல் காலத்தில் வேகத்தை அளக்க, ஒரு பலகையைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்பக்கம் கடலில் போடுவார்கள். பலகை நீரில் நிற்க, கப்பல் முன்னே போக, கயிறு கையை விட்டு ஓடும். கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள். மணல் கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டியது என்று எண்ணுவார்கள். அதுவே வேகம். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். ‘மணிக்கு 60 நாட்’ என்று எழுதுவது பிழை. ‘மணிக்கு’ என்பது நாட் என்ற அலகுக்குள்ளேயே இருக்கிறது.

டபிள்யூ, ஆர் சேர்ந்து தொடங்கும் சொற்களுக்குள் பொருள் ஒற்றுமை இருக்கிறதா?

பலவற்றில் இருக்கிறது: முறுக்குதல், திருகுதல், வளைதல். ரிஸ்ட் என்பது மணிக்கட்டு, கை திரும்பும் இடம். ரிங் என்பது துணியை முறுக்கிப் பிழிவது (மோதிரத்துக்கு எழுதும் ரிங்கில் டபிள்யூ கிடையாது). ரெஞ்ச் என்பது பைப்பைத் திருகும் கருவி. ரெஸ்லிங் என்பது உடம்பை முறுக்கி மடக்கும் மல்யுத்தம். ரீத் என்பது முறுக்கிக் கட்டிய மலர்வளையம். ரிங்கிள் என்பது தோல் சுருக்கம். ரைத் என்பது வலியில் நெளிவது.

ராங், அதாவது தவறு, இந்தக் கூட்டத்தில் எப்படி வந்தது? அதன் பழைய பொருள் கோணல், வளைந்தது. சரி என்பதற்கான ரைட் என்ற சொல்லின் பழைய பொருள் நேரானது. நமக்கு இது புதிதல்ல. நேராக நின்றால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல் என்று ஆட்சியை அளந்த மொழி நம்முடையது. ‘கோணல் புத்தி’ என்று இன்றும் சொல்கிறோம்.

எல்லாமே முறுக்கல் என்று நினைத்துவிடக் கூடாது. எழுதுதல் என்ற பொருளுள்ள ரைட், கீறுதல், செதுக்குதல் என்ற பொருளிலிருந்து வந்தது. எலும்பிலும் மரத்திலும் கீறி எழுதிய காலத்துச் சொல். ஓலையில் எழுத்தாணியால் கீறிய நமக்கு இது எளிதாகவே புரியும். ரெக் என்றால் உடைந்த கப்பல், ரென் ஒரு சின்னப் பறவை. இவையும் முறுக்கலோடு சேராதவை.

இன்னொரு ரைட்டும் டபிள்யூவில் தொடங்குகிறது. அதன் நடுவில் ஜி-எச் வரும், பொருள் ‘செய்பவர்’. ஷிப்ரைட் கப்பல் கட்டுபவர், வீல்ரைட் சக்கரம் செய்பவர். நாடக ஆசிரியரை ப்ளேரைட் என்பதும் இந்த ரைட்தான், எழுதும் ரைட் அல்ல. நன்றாக எழுதத் தெரிந்தவர்களே இங்கே தவறுகிறார்கள். 1903இல் விமானம் ஓட்டிய ரைட் சகோதரர்களின் குடும்பப் பெயரும் இதுதான். செய்பவர் என்ற பெயரோடு பிறந்து விமானத்தைச் செய்தார்கள்.

பழைய ஆங்கிலத்தில் இந்த டபிள்யூவும் ஒலித்தது. டச்சுக்காரர்கள் இன்றும் ‘வ்ர’ என்று சேர்த்தே சொல்கிறார்கள்.

ஜி, என்?

குறைவு. நாட், கொசு போன்ற சிறு பூச்சி. நா, கொறித்தல். நேஷ், பல்லை நறநறவென்று கடித்தல். நூ, ஆப்பிரிக்க மான் இனம். நோம், கதைகளில் வரும் குள்ளன். சொல்லின் கடைசியில் வந்தாலும் இந்த ஜி ஒலிக்காது: சைன், டிசைன். ஆனால் சிக்னல், சிக்னேச்சர் என்று நீட்டினால் ஒலித்துவிடும்.

பிளம்பர் என்று சொல்வது தவறா?

ஆங்கிலத்தில் ‘பிளமர்’ என்றுதான் சொல்வார்கள். எம்முக்கு அடுத்து வரும் முதல் பி ஒலிக்காது. தமிழில் பேசும்போது தாராளமாகப் பிளம்பர் என்றே கூப்பிடுங்கள், அது தமிழாகிவிட்ட சொல். ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் கவனம் போதும். வெடிகுண்டான பாம் என்ற சொல்லில் நாம் பி-யைச் சரியாக விட்டுவிடுகிறோம். அதே பழக்கம்தான் பிளமருக்கும், கட்டைவிரலான தம்முக்கும், ஆட்டுக்குட்டியான லேமுக்கும், சீப்பான கோமுக்கும்.

லத்தீனில் ‘பிளம்பம்’ என்றால் ஈயம். அந்தக் காலத்துத் தண்ணீர்க் குழாய்கள் ஈயத்தால் ஆனவை. ஈய வேலை செய்பவர் பிளம்பர். தனிம அட்டவணையில் ஈயத்தின் குறியீட்டில் இருக்கும் இரண்டு எழுத்தும் இதே பிளம்பத்திலிருந்து எடுத்தவை.

ஒரு நுட்பம். லேம், கோம் இரண்டிலும் பி பழங்காலத்திலிருந்தே இருந்து ஒலித்தது. தம் என்பதில் அது முதலில் இல்லவே இல்லை, பின்னால் யாரோ சேர்த்தது. கை கால்களைக் குறிக்கும் லிம்மும் அப்படித்தான்.

அப்படியானால் ஒருநாளும் ஒலிக்காத எழுத்தும் உண்டா?

உண்டு, இதில் படித்தவர்களின் கை இருக்கிறது. கடன் என்பதற்கு டெட், சந்தேகத்துக்கு டவுட். இரண்டிலும் நடுவில் முதல் பி. பிரெஞ்சிலிருந்து இவை ஆங்கிலத்துக்கு வந்தபோது பி இல்லை. லத்தீன் மூலத்தில் பி இருக்கிறதே என்று அறிஞர்கள் செருகிவிட்டார்கள். மக்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரிசீட்டில் இருக்கும் இரண்டாம் பி-யும் இப்படி வந்ததே. அதே குடும்பத்துச் சொல்லான டிசீட்டில், அதாவது ஏமாற்றில், அந்த எழுத்து நிலைக்கவில்லை. (நாம் சொல்லும் ரசீது ஆங்கில ரிசீட் அல்ல, பாரசீகச் சொல்.)

தவறாகச் செருகியவையும் உண்டு. ஃபாரினில் உள்ள ஜி-க்கு மூலத்தில் இடமே இல்லை, ஆட்சி என்ற பொருளுள்ள ரெயினைப் பார்த்து ஒட்டியது. தீவைக் குறிக்கும் ஐலண்டில் உள்ள எஸ்-உம் ஐல் என்ற வேறு சொல்லைப் பார்த்து வந்தது. இவற்றை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், வேறு வழி சொல்ல மாட்டேன்.

சைக்காலஜி, நிமோனியா எதற்கு இரண்டாம் பி-யில் தொடங்குகின்றன?

கிரேக்கச் சொற்கள். கிரேக்கர் வாயில் ‘ப்ஸ’, ‘ப்ந’ என்று ஒலித்தவை. சிறகுக்குக் கிரேக்கத்தில் ‘ப்டெரான்’. சிறகுள்ள பழங்கால விலங்கான டெரடாக்டிலின் தொடக்கத்தில் அந்தப் பி ஒலிக்காது. ஹெலிகாப்டரின் கடைசியில் அதே சிறகு, அங்கே பி நன்றாகவே ஒலிக்கிறது.

தேவையில்லாத எழுத்துகளை நீக்கிவிட்டால் என்ன?

முயன்றிருக்கிறார்கள். அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1906இல் 300 சொற்களை எளிமையாக அச்சிடும்படி அரசு அச்சகத்துக்கு உத்தரவிட்டார். பத்திரிகைகள் கிண்டல் செய்தன, அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் எதிர்த்தது, உத்தரவு நிற்கவில்லை. அவருக்கு முன்பே நோவா வெப்ஸ்டர் தன் அகராதி மூலம் கலர் போன்ற சொற்களில் யு-வை எடுத்து அமெரிக்காவில் வெற்றி பெற்றார். நாக்கைக் குறிக்கும் டங் என்ற சொல்லை ஒலிக்கேற்ப மாற்ற அவர் செய்த முயற்சி பலிக்கவில்லை.

எனக்கு நீக்குவதில் விருப்பமில்லை. கற்பவருக்குக் கஷ்டம் என்பது உண்மை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கே-யை எடுத்துவிட்டால் வீரனும் இரவும் கண்ணுக்கு ஒன்றாகிவிடும். சைனிலிருந்து ஜி-யை எடுத்தால் அதற்கும் சிக்னேச்சருக்கும் உள்ள உறவு கண்ணுக்குத் தெரியாது.

எப்படி நினைவில் வைப்பது?

ஊமை எழுத்தைப் பேசவைக்கும் உறவுச் சொல்லைத் தேடுங்கள். ஆட்டம் என்ற இலையுதிர் காலத்தின் கடைசி என் ஒலிக்காது, ஆட்டம்னல் என்றால் ஒலிக்கும். பத்திரிகைப் பத்தியைக் குறிக்கும் ‘காலம்’ எழுதும்போது கடைசி என் மறந்தால், பத்தி எழுத்தாளரான காலம்னிஸ்டை நினையுங்கள். தசைக்கான மஸிலில் சி ஊமை, மஸ்குலரில் பேசும். பாமின் பி பம்பார்டில் பேசும். சாஃப்டில் ஒலிக்கும் டி, மென்மையாக்குதல் என்ற சாஃபனில் ஒலிக்காது.

கே-என் சொற்களுக்கு இந்த வழி உதவாது, ஏனென்றால் ஆங்கிலத்தில் அநேகமாக எங்குமே அந்தக் கே வாய் திறப்பதில்லை. அதற்கு என் வகுப்பில் ஒரு பயிற்சி உண்டு. எழுதிப் பழகும் ஒரு வாரம் மட்டும், மனதுக்குள் பழைய ஆங்கிலேயர் போலச் சொல்லிக்கொண்டே எழுதச் சொல்வேன்: க்னைஃப், க்னீ, க்னாட், க்னாக். வாயைத் திறந்து சொல்லும்போது மட்டும் நைஃப், நீ, நாட், நாக். அகராதியில் தேடுவதற்கும் இது உதவும். ‘என்’ எழுத்தின் பக்கத்தில் ஒரு சொல் கிடைக்காவிட்டால், கே பக்கத்தைப் புரட்டுங்கள். ஆர் பக்கத்தில் கிடைக்காவிட்டால் டபிள்யூ.